கணுக்காலில் இல்லாத தண்ணீர்

அவளுக்கு முகத்துக்கு நேராக ஒரு பெயரும் முதுகுக்குப் பின்னால் ஒரு பெயரும் இருந்தன. நேரில் எல்லாரும் 'சிஸ்டர்' என்றார்கள். "நான் சிஸ்டர் இல்ல, டெக்னீஷியன்" என்று பத்தொன்பது வருஷமாகத் திருத்திப் பார்த்தாள், ஒருத்தரும் திருந்தவில்லை. பின்னால் 'தராசு' என்றார்கள். அது அவள் காதுக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் பொய் சொல்லாத ஒரே ஜீவன் வாசலோரம் கிடந்த எடை மெஷின்தான் என்பது அவள் எண்ணம். அதன் பெயரைத் தனக்கு வைத்தால் அது மரியாதை என்றே எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில், முதல் மாடியில் டயாலிசிஸ் அறை. எட்டுப் படுக்கை, எட்டு மெஷின். சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வருவார்கள். நாலு மணி நேரம் கையை நீட்டிப் படுத்திருப்பார்கள். ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே வந்து, மெஷினில் அழுக்கையும் உப்பையும் மிச்சத் தண்ணீரையும் கழித்துவிட்டு, இன்னொரு குழாய் வழியாக உள்ளே போகும். தினமும் காலை ஆறரைக்கு, ப்ளீச்சிங் வாடை அடங்குவதற்குள், முதல் ஆள் எடை மெஷினில் ஏறி நிற்பார். அவள் அப்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டு தயாராக நிற்பாள்.

மனிதர்கள் மேல் அவளுக்கு இருந்த இளப்பம் இந்த வேலையில் ஊறி வந்தது. முஷ்டி அளவுக்கு இரண்டே இரண்டு உறுப்புகள், ஒரு நாள் லீவு இல்லாமல், ஒரு நன்றி வாங்காமல், மனுஷன் குடிக்கிறதையும் தின்கிறதையும் எல்லாம் சமன் பண்ணிக்கொண்டு கிடக்கின்றன. கூடக் குடித்தால் வெளியே தள்ளுகின்றன. குறையக் குடித்தால் சொட்டு விடாமல் பிடித்து வைக்கின்றன. உப்பு ஏறினால் நாக்கை வறளவிட்டு, 'குடி' என்று உத்தரவு போடுகிறது உடம்பு. பொட்டாசியம் ஒரு சிட்டிகை கூடினால் இதயம் நின்றுபோகும் என்பதால் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறது. இத்தனையும் நடக்கிற வரை சொந்தக்காரனுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே தெரியாது. பிரஷர் மாத்திரையை மறப்பான், சர்க்கரையை மறப்பான், கண்ட வலி மாத்திரையை விழுங்குவான். எல்லாம் கெட்ட பிறகு இங்கே வந்து, "ஒரே ஒரு டம்ளர்தான் சிஸ்டர்" என்று குழைவான்.

ஒரு டம்ளர்! ஒருவர் ஐஸ் கட்டியைச் சப்பிவிட்டு, ஐஸ், தண்ணீர்க் கணக்கில் வராது என்று வாதம் பண்ணினார். இன்னொருவர், வங்கியில் மேனேஜராக இருந்தவராம், எடை மெஷினில் ஏறும்போது சுவரில் ஒரு விரலை ஊன்றிக்கொள்வார். "விரலை எடுங்க சார், சுவத்துக்கு வலிக்கும்" என்பாள் அவள். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அடுத்த முறை அவர்களுடைய திருட்டும் பிடிபடும் என்று தெரிந்துதான் சிரிப்பார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். விருந்தாளி வந்தால் முதலில் அவர்கள் கால் வீங்கியிருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர். அவருடைய அண்ணன் ஒரு தடவை வந்து, தினமும் ஆறு லிட்டர் தண்ணீர் குடித்து உடம்பைக் கழுவுகிறேன் என்று பெருமையடித்தார். "உங்களுக்கு ரெண்டு கிட்னி இருக்கு, அது உங்கள விட புத்திசாலி. அத அதும்பாட்டுக்கு விடுங்க அத்தான்" என்றாள். அத்தான் அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

அவள் எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இருபத்து மூன்று வயதில், அவள் பொறுப்பில் ஒரு டீச்சர் இருந்தார். கணக்கு டீச்சர். பூப்போல சிரிப்பார், வரும்போதெல்லாம் அவள் தலையைத் தடவி நலம் விசாரிப்பார். "பழம் எதுவும் சாப்பிடலையே டீச்சர்?" என்று கேட்டால், "உன்கிட்ட பொய் சொல்வேனாம்மா?" என்பார். அவளும் நம்பினாள். சனி ஞாயிறு இடைவெளி கழிந்த ஒரு திங்கட்கிழமை, கால் இரண்டும் துவண்டு போய்ச் சக்கர நாற்காலியில் வந்தார். ஊசி போடுவதற்குள் இதயம் நின்றுவிட்டது. ரத்தத்தில் ஐந்துக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் எட்டைத் தாண்டியிருந்தது. கைப்பையில், பொட்டாசியம் மண்டிய உலர்ந்த பழம் வைத்த டப்பா இருந்தது, முக்கால்வாசி காலி. அவள் மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் வேலைக்கு வந்தபோது, இனி வாயால் வருகிற எதையும் நம்புவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள். அந்த முடிவு சில உயிர்களைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. அதனாலேயே அதை அவள் மறுபடி யோசித்துப் பார்க்கவில்லை.

தையல்காரர் வந்து சேர்ந்தது பத்தொன்பதாவது வருஷம். ஐம்பத்தாறு வயது. ஆண்களுக்கான பேண்ட், கோட்டு தைக்கிறவர். வரும்போது எலும்பும் தோலுமாக இருந்தார். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. தண்ணீரை எல்லாம் எடுத்து முடித்தபோது அவர் நிஜ எடை ஐம்பத்தெட்டு என்று தெரிந்தது. உடம்பில் மிச்சத் தண்ணீர் தங்காத அந்த எடையை 'ட்ரை வெயிட்' என்பார்கள். ஒவ்வொரு முறையும் எவ்வளவு தண்ணீர் எடுக்கவேண்டும் என்பது அதை வைத்துத்தான். அறுபதில் வந்தால் இரண்டு லிட்டர் எடுத்து ஐம்பத்தெட்டில் அனுப்பவேண்டும். பெரிய டாக்டர் சார்ட்டில் 58 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதோடு அவர் வேலை முடிந்தது.

பெரிய டாக்டர் மாதம் ஒரு முறை ஒவ்வொரு நோயாளியையும் தொட்டுப் பார்த்து அந்த எண்ணைச் சரிபார்க்கவேண்டும். அவர் வாரம் ஒரு முறை வாசல்படியில் வந்து நின்று, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று பொதுவாகக் கேட்பார். எட்டுப் பேரில் ஒருவர் தலையாட்டினாலும் போதும், திரும்பிவிடுவார். "காத்து வாங்க வர்ற மாதிரி வர்றாரு" என்று அவள் சொல்வாள், அவர் லிஃப்டில் ஏறியதும்.

மூன்று மாதம் ஒழுங்காகப் போனது. தையல்காரருக்கு வாந்தி நின்றது, பசி எடுத்தது. ஊரிலிருந்து அவர் தங்கச்சி வந்து கூடத் தங்கினாள். தினமும் முட்டை, பார்த்துப் பார்த்துச் சமைத்த சாப்பாடு. அதன் பிறகு, வழக்கமான இரண்டு லிட்டரை எடுத்தும் எடை ஐம்பத்தெட்டுக்கு இறங்கவில்லை; அடுத்த முறை வந்தபோது எடை மெஷின் அறுபத்தொன்று காட்டியது. பிறகு அறுபத்தொன்றரை. பிறகு ஒரு புதன்கிழமை அறுபத்திரண்டு.

"நாலு கிலோ" என்றாள் அவள். "எத்தன பாட்டில் உள்ள போச்சு?"

"பாட்டிலா? ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளருங்க. தங்கச்சி அளந்துதான் குடுக்குது."

"அப்ப இந்த நாலு கிலோ எங்கேர்ந்து வந்துச்சு? வர்ற வழியில மழை பேஞ்சுதா?"

பக்கத்துப் படுக்கையில் சிரித்தார்கள். தையல்காரர் சிரிக்கவில்லை. பேண்ட்டின் இடுப்பைத் திருப்பி உள்பக்கத் தையலைக் காட்டினார்.

"இத பாருங்க. போன மாசம் முக்கால் அங்குலம் பிரிச்சு விட்டேன். இந்த மாசம் மறுபடி அரை. சட்டை தோள்ல நிரம்பிடுச்சு, புஜம் பிடிக்குது. தண்ணி தோள்ல போயா நிக்கும்? கால்லதான இறங்கும்? சாக்ஸ் தடம்கூட விழல. உடம்பு போட்டிருக்குங்க எனக்கு."

"தையல்காரர் இல்லையா, நல்லாத்தான் அளக்கறீங்க" என்றாள்.

இப்போது அறையே சிரித்தது. அவர் காது மடல் சிவந்தது. போய்ப் படுத்துக் கையை நீட்டினார். அவள் மெஷினில் மூன்றரை லிட்டர் என்று வைத்தாள்.

மூன்றாவது மணி நேரத்தில் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். அவள் வந்து பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தாள். பிடிப்பு விட்டதும், "தண்ணியக் கொறச்சா இதெல்லாம் வராது" என்றாள். நிறையக் குடித்துவிட்டு வந்தால் நிறைய எடுக்கவேண்டும், நிறைய எடுத்தால் கால் பிடிக்கும்; அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் குடிக்காதவரிடமிருந்து எடுத்தாலும் அதே கால் அதே மாதிரிதான் பிடிக்கும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தது அன்றைக்கு உதவவில்லை.

அடுத்த வாரம் தங்கச்சியும் கூட வந்தாள். வெள்ளந்தியானவள். கேட்டதும் கொட்டிவிட்டாள்.

"நேத்து முந்தாநேத்து அண்ணன் கொஞ்சம் கூடத்தான் குடிச்சிட்டாரு சிஸ்டர். இங்கேர்ந்து வீட்டுக்கு வந்ததும் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குதுன்னு ஒரே புலம்பல். பாவமா இருந்துச்சு, ஒரு செம்பு குடுத்துட்டேன்."

"ஒரு செம்பு!" அவள் தையல்காரரைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷ அனுபவம் ஜெயித்த சந்தோஷம் அந்தப் பார்வையில் இருந்தது. "ரெண்டு டம்ளர்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னீங்களே?"

"அன்னைக்கு ஒரு நாள்தான். தாங்கல. தொண்டை காஞ்சு குரலே வரல."

"எல்லாருக்கும் அன்னைக்கு ஒரு நாள்தான்."

வாசல்படியில் பெரிய டாக்டர் வந்து நின்ற நாள் அது. அவள் சொல்லிக்கொடுத்தாள்: இவர் நாலு கிலோ ஏறி வருகிறார், செம்பு செம்பாகக் குடிக்கிறார், கேட்டால் உடம்பு போட்டிருக்கிறது என்கிறார். டாக்டர் அபூர்வமாக உள்ளே இரண்டு எட்டு வைத்தார்.

"டயாலிசிஸ்ல யாருங்க பெரியவரே உடம்பு போடுறா?" என்றார். தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். தையல்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் இடுப்புத் தையலைப் பற்றிப் பேசவே இல்லை.

பேசுவதை விட்டவர் குடிப்பதையும் விட்டிருக்கலாம், முடியவில்லை. டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போனால் தலை சுற்றியது. படி ஏறும்போது சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. தாகம் என்றால் சாதாரணத் தாகம் இல்லை. தங்கச்சி மறைத்து வைத்த செம்பைத் தேடிப் பிடித்துக் குடித்தார். குடித்ததற்காகக் கூனிக்குறுகினார். இரண்டு நாள் கழித்து எடை மெஷின் அவரைக் காட்டிக்கொடுத்தது. அவள் இன்னும் கொஞ்சம் கூட எடுத்தாள். அவர் இன்னும் கொஞ்சம் கூடத் தாகத்தோடு போனார். இப்படி ஆறு வாரம்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் நாலு லிட்டர் வைத்தாள். கொஞ்சம் பாடம் புகட்டலாம் என்கிற நினைப்பும் அதில் இருந்தது. பிறகு தன்னிடமே அவள் அதை மறைக்கவில்லை. இரண்டே முக்கால் மணி நேரம் ஆனபோது தையல்காரர் கொட்டாவி விட்டார். மறுபடி ஒரு கொட்டாவி. ரத்த அழுத்தம் விழப்போகிறது என்பதற்கு அது முன் அடையாளம்; புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே அதைச் சொல்லிக்கொடுப்பவள். இப்போது, ஆளுக்குச் சொகுசு கேக்குது என்று நினைத்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனாள்.

"சிஸ்டர், எல்லாம் மஞ்சளா தெரியுது" என்றது குரல். அவள் திரும்புவதற்குள் கண் செருகிவிட்டது. முகம் மெழுகு நிறத்துக்கு மாறி, நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மானிட்டரில் ரத்த அழுத்தத்தின் மேல் எண் அறுபது.

அவள் கைகள் தாமதிக்கவில்லை. தண்ணீர் எடுப்பதை நிறுத்தினாள், படுக்கையின் தலைப்பக்கத்தை இறக்கினாள், உப்புநீர் பாட்டிலைத் திறந்துவிட்டாள். கால்களை உயர்த்துவதற்காக இரண்டு கணுக்கால்களையும் கையில் பிடித்துத் தூக்கினாள்.

தூக்கியவள் அப்படியே நின்றாள்.

நாலு லிட்டர் தண்ணீரோடு வந்த மனிதனின் கணுக்கால் மெத்தென்று இருக்கவேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, அந்தக் குழி சாவகாசமாக மேலே வரவேண்டும். இது சுருக்கம் விழுந்த உலர்ந்த தோல், அடியில் எலும்பு. அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை. அந்த மனிதனிடம் எடுக்க அவ்வளவு தண்ணீர் இருந்ததே இல்லை. ரத்தத்திலிருந்து பிழிந்துகொண்டிருந்தாள்.

பத்து நிமிஷத்தில் முகத்தில் நிறம் திரும்பியது. அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். குரல் கரகரவென்று வந்தது.

"இன்னும் எவ்வளவு எடுக்கணும் சிஸ்டர்?"

அவள் மெஷினில் வைத்திருந்த நாலு லிட்டரை அழித்தாள். நான் டெக்னீஷியன் என்று திருத்தத் தோன்றவில்லை.

அன்று அவரை மேல் மாடி வார்டில் சேர்த்துவிட்டு வந்து, மதிய ஷிப்ட் தொடங்குவதற்கு முன் அவருடைய சார்ட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னாலிருந்து முன்னால் புரட்டினாள். எல்லாம் அவள் கையெழுத்து. வந்த நாளில் ரத்த அழுத்தம் நூற்று எழுபது. பிறகு நூற்றைம்பது, நூற்று முப்பது, நூற்றுப் பத்து. உடம்பில் நாலு லிட்டர் மிச்சத் தண்ணீர் உள்ளவனுக்கு அழுத்தம் ஏறும், படுத்தால் மூச்சு முட்டும். இந்த மனிதர் தலையணையே இல்லாமல் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தத்தில் புரதம் மாதத்துக்கு மாதம் கூடியிருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறார் என்று அர்த்தம். எழுதியவள் ஒரு எண்ணையும் தப்பாக எழுதவில்லை. எழுதிய ஒன்றையும் படிக்கவும் இல்லை. அன்றைக்கு முன் அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்து ஆறு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மனசு உடனே சப்பைக்கட்டு கட்டத் தொடங்கியது. எட்டு மெஷின், இரண்டே பேர். ட்ரை வெயிட்டை மாற்றுவது டாக்டர் வேலை. அவர் தண்ணீர் குடித்தது நிஜம்தானே. இந்த மூன்றாவது சாக்கில்தான் அவளுக்கு உடம்பு கூசியது. ஆமாம், குடித்தார். உடம்புக்குள் தண்ணீர் வற்றியது, உடம்பு 'குடி' என்று உத்தரவு போட்டது, அவர் குடித்தார். சிறுநீரகம் செத்த பிறகும் அந்த உடம்பு தன் சமநிலைக்காகப் போராடிக்கொண்டிருந்தது, மிச்சம் இருந்த ஒரே வழியில், தாகத்தில். எதிர்ப்பக்கம் நின்று அதைக் கெடுத்தவள் இவள். கெடுத்துவிட்டு, பொய் சொன்னார் என்று கேலியும் பண்ணினாள். இத்தனை வருஷம் அவள் மற்றவர்கள் மேல் துப்பிய இளப்பமெல்லாம் இப்போது அவளுக்கே தேவைப்பட்டது. அதை அவள் கஞ்சத்தனம் இல்லாமல் கொடுத்துக்கொண்டாள்.

பெரிய டாக்டரை லிஃப்ட் வாசலில் மடக்கினாள்.

"தையல்காரரோட ட்ரை வெயிட் தப்பு டாக்டர். அம்பத்தெட்டு இல்ல. அறுபது, அறுபதரை இருக்கும். சதை போட்டிருக்கு."

"நீங்கதானே செம்பு செம்பா குடிக்கறார்னு சொன்னீங்க?"

"சொன்னேன். தப்பா சொன்னேன்."

"சரி, அடுத்த வாரம் பாக்கலாம்."

"இப்ப மேல வார்டுல படுத்திருக்காரு. வந்து கால அழுத்திப் பாருங்க. அஞ்சு மாசமா நீங்க அவரத் தொடவே இல்ல."

லிஃப்ட் கதவு திறந்து, காத்திருந்து, மூடிக்கொண்டது. டாக்டர் அவளை ஒரு விநாடி முறைத்தார். பிறகு படியில் ஏறிப் போனார். தையல்காரரின் காலை அழுத்தினார், கழுத்து நரம்பைப் பார்த்தார், நுரையீரலைக் கேட்டார். "ம்ம்" என்றார். "நானும் சந்தேகப்பட்டுக்கிட்டேதான் இருந்தேன்" என்று தங்கச்சியிடம் சொன்னார். ஐம்பத்தெட்டை அடித்துவிட்டு, முறைக்கு அரைக் கிலோவாக ஏற்றிப் பார்க்கும்படி எழுதினார். அந்த ஆள் வெட்கம் என்ற உறுப்பு இல்லாமலே பிறந்தவர் என்று அவள் நினைத்தாள். நினைத்த மறுகணம், தனக்கும் இப்போதுதான் அது முளைத்திருக்கிறது என்று ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை தையல்காரரை வீட்டுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை அவர் வரவில்லை. மெஷின் காலியாகக் கிடந்தது. டயாலிசிஸ் ஆள் ஒரு முறை வராமல் போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மதியம் ஷிப்ட் முடிந்ததும், சீருடையைக்கூட மாற்றாமல், பஸ் பிடித்து அவர் கடைக்குப் போனாள்.

செருப்புக் கடைக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கும் நடுவில் குறுகலான கடை. முன்னால் வெட்டும் மேஜை, பின்னால் இரண்டு மெஷின், மூலையில் இஸ்திரிப் பெட்டி. தையல்காரர் கழுத்தில் டேப் தொங்க, நின்றபடி துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் தங்கச்சிதான் எழுந்தாள்.

"எதுக்கு வந்தீங்க? வீட்டுக்கே வந்து எடை பாக்கவா?"

"இன்னைக்கு அவர் வரல. வரணும். வராம இருக்கக் கூடாது."

"வந்து? மறுபடி சாகடிக்கவா?" வெள்ளந்தியான அந்தப் பெண் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "தண்ணி தண்ணின்னு கெஞ்சுவாரு. நான் எண்ணி எண்ணிக் குடுப்பேன். ஒரு நாள் மனசு கேக்காம குடுத்ததையும் உங்ககிட்ட வந்து ஒப்பிச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"உங்க மேல ஒண்ணும் தப்பு இல்ல. அவர் மேலயும் இல்ல." வருகிற வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நீளமான பேச்சு மறந்துபோயிருந்தது. "அவர் சொன்னதுதான் சரி. உடம்பு போட்டிருக்கு. நான் இல்லாத தண்ணிய எடுத்தேன். அதனாலதான் கால் பிடிச்சுது, தலை சுத்துச்சு, அந்தத் தாகமும் அதனாலதான். தப்பு என்னோடது. டாக்டரோடதும். இப்ப எடைய மாத்தியாச்சு."

தையல்காரர் போட்டுக்கொண்டிருந்த சாக்பீஸ் கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எவ்வளவுக்கு மாத்தியிருக்கு?"

"கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி அறுபதரை வரைக்கும் போகலாம்னு தோணுது."

"ரெண்டரை கிலோ." அவர் டேப்பை விரலில் சுற்றினார். "என் கடைக்கு ஒருத்தர் வந்து அக்குள் பிடிக்குதுன்னு சொன்னா, நான் டேப்பத்தான் எடுப்பேன். நீ புளுகறேன்னு சொல்லி பத்து பேர சிரிக்க வெக்க மாட்டேன். அப்படி செஞ்சா அந்த ஆள் மறுபடி என் கடைக்கு வரணுமா?"

அவர் டேப்பை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு வர்றேன். உயிரு இருக்கே, வந்துதான் ஆகணும். ஆனா உங்க ஷிப்ட்ல இல்ல. சாயங்காலம் ஒரு தம்பி இருக்காரே, அவர்கிட்ட போட்டுடுங்க. நீங்க என் கையத் தொடக் கூடாது."

"சரிங்க" என்றாள்.

"இன்னொண்ணு. உங்க கோட்டுல இடது தோள் இறங்கிக் கிடக்கு. யாரு தைச்சாங்களோ, அளக்காம தைச்சிருக்காங்க."

அதை அவர் கேலியாகச் சொன்னாரா, தொழில் பழக்கத்தில் சொன்னாரா என்று அவளுக்குப் புரியவில்லை. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் பார்த்தாள். தோள் இறங்கித்தான் இருந்தது.

மறுநாள் சாயங்கால ஷிப்டில் அவர் வந்தார். புது எடை வைத்தார்கள். மூன்று வாரத்தில் அறுபதரையில் வந்து நின்றது. கால் பிடிப்பு இல்லை, மயக்கம் இல்லை, தாகம் இரண்டு டம்ளரில் அடங்கியது. ஷிப்ட் மாறும் நேரத்தில் வராந்தாவில் எதிர்ப்படுவார். வாட்ச்மேனுக்கு வணக்கம் சொல்வார், தரை துடைக்கிற அம்மாவை விசாரிப்பார், ஐஸ் கட்டிக்காரரோடுகூட நின்று பேசுவார். அவளைக் கண்ணாடிக் கதவைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போவார். அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கிடைத்திருக்கவேண்டும் என்றுகூட நினைத்தாள்.

அவள் தங்கமாக மாறிவிட்டாள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பொய் சொல்கிறவர்களை அவள் இன்னும் நாராகக் கிழித்தாள். அவர்களும் இன்னும் பொய் சொன்னார்கள். ஒன்றுதான் மாறியது. திட்டுவதற்கு முன்னால் ஆளைத் தொட்டுப் பார்த்தாள். சில நாள் தொட்ட பிறகு திட்டுவதற்கு எதுவும் இருக்காது. அப்போது அவள் முகம் ஏமாந்த மாதிரி இருக்கும் என்று மேனேஜராக இருந்தவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். வெளியிலிருந்து டாக்டர்கள், நர்சுகள் என்று அறுபது பேர். பெரிய டாக்டர் திரையில் படம் காட்டிப் பேசினார். 'ஐம்பத்தாறு வயது ஆண் நோயாளி' என்று தொடங்கினார். எடை ஏறியதும் எல்லாரும் தண்ணீர் என்றே நினைத்தார்களாம். தான் மட்டும் கூர்ந்து கவனித்து, இது சதை என்று கண்டுபிடித்தாராம். நோயாளியின் காலைத் தொட்டுப் பார்ப்பதன் மகத்துவத்தைப் பற்றி நாலு நிமிஷம் பேசினார். கைதட்டினார்கள். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார்கள்.

கடைசி வரிசையில் அவள் எழுந்து நின்றாள்.

"சந்தேகம் இல்ல, ஒரு திருத்தம். அதைக் கண்டுபிடிச்சது அந்த நோயாளிதான். அவரு தையல்காரர். இடுப்புத் தையலப் பிரிச்சுக் காட்டி, உடம்பு போட்டிருக்குன்னு எங்ககிட்ட சொன்னாரு. டாக்டர் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அப்புறம் அவரு மயங்கி விழுந்தாரு. அதுக்கப்புறம்தான் காலத் தொட்டோம்."

மேடையில் பெரிய டாக்டர் தண்ணீர் கிளாஸை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். கிளாஸ் காலியாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை. யாரோ ஒருவர் எழுந்து, நேரமாகிவிட்டது, வெளியே டீ தயாராக இருக்கிறது என்று அறிவித்தார். அறுபது பேரும் ஒரே சமயத்தில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

தலைமை நர்ஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். "மெமோ வரப்போகுது. உனக்கு இது தேவையாடி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"தேவையான்னு தெரியல. ஆனா நல்லா இருந்துச்சு" என்றாள்.